எட்டு மாதமாகியும் தவழாத குழந்தை: வளர்ப்பு முறை உடலையும் மூளையையும் எவ்வளவு தூரம் மாற்றுகிறது?

நிலாமுற்றம் (ரொறன்ரோ) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இந்த மாதத்தோடு எட்டு மாதம் முடிகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு, பல் முளைக்கும்போது செய்யும் சடங்கான பல்லுக்கொழுக்கட்டை வைத்தோம். துணி விரித்து நடுவில் இருத்தி, கொழுக்கட்டை சொரிந்து, முன்னால் தட்டில் புத்தகம், பேனா, காப்பு, கண்ணாடி எல்லாம் வைத்தபோது, அவள் நிமிர்ந்து இருந்தபடியே எல்லாவற்றையும் மாறி மாறிப் பார்த்தாளே தவிர, தட்டை நோக்கி ஓர் அங்குலமும் நகரவில்லை. தட்டை அருகில் தள்ளிக் கொடுத்த பின்னரே கண்ணாடியை எடுத்தாள். வந்திருந்தவர்களில் மூன்று பேராவது, "இன்னும் தவழவில்லையா?" என்று கேட்டுவிட்டார்கள். அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஏழு மாதமாக எங்களோடு தங்கியிருக்கும் என் அம்மா, தினமும் நல்லெண்ணெய் தேய்த்து, கை கால்களை நீவி, தன் கால்களின்மேல் கிடத்திக் குளிக்கவார்க்கிறார். பகலில் உறங்கச் சேலையால் ஏணை (தொங்கு தொட்டில்) கட்டியிருக்கிறார். "உன்னையும் இப்படித்தான் வளர்த்தேன், பதினொரு மாதத்தில் நடந்தாய்" என்பது அவர் சொல்லும் ஆதாரம். ஆனால் வீட்டுக்கு வரும் தாதி, குழந்தையை விழித்திருக்கும் நேரத்தில் குப்புறக் கிடத்தி விளையாட விட வேண்டும் என்றும், அதற்குப் போதிய நேரம் கொடுத்தோமா என்பது தமக்கு ஐயமாக இருப்பதாகவும் சொல்கிறார். இருவருக்கும் நடுவில் நான் நிற்கிறேன்.

இதற்கிடையில், பக்கத்து வீட்டில் இருக்கும் கானா நாட்டுப் பெண்ணின் மகனுக்கும் என் மகளுக்கும் பத்து நாள்தான் வித்தியாசம். அவன் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். அவர்களுடைய பிள்ளைகள் இயல்பாகவே அப்படித்தான் என்று எங்கள் உறவினர் ஒருவர் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. இது பிறப்பிலேயே வருவதா, வளர்ப்பினால் வருவதா? வளர்ப்பினால் என்றால், அது தசைகளை மட்டும் பலப்படுத்துகிறதா, மூளையையும் மாற்றுகிறதா? இப்போது பின்தங்கினால் பின்னாளில் படிப்பிலும் அறிவிலும் குறை வருமா? இன்னொன்று: பேத்திக்கு ஒரு வோக்கர் (குழந்தையை உள்ளே இருத்தும் சக்கர வண்டி) வாங்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார், கடைகளில் தேடியும் கிடைக்கவில்லை. அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மருதநிலம் (மதுரை)

அன்புள்ள சகோதரி, நான் குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவராகப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். முதலில் உங்கள் உறக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நல்ல ஊட்டமும் பராமரிப்பும் பெற்ற குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகளின்படி, பிடிமானமின்றி உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள்ளும், கை முழங்கால் ஊன்றித் தவழ்வது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதத்துக்குள்ளும், தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள்ளும் நிகழலாம். உங்கள் மகள் நிமிர்ந்து உட்காருகிறாள், இரு பக்கமும் திரும்பிப் பார்க்கிறாள், விரும்பியதை எட்டி எடுக்கிறாள். எட்டு மாதத்தில் தவழவில்லை என்பது மட்டும் ஒரு குறையின் அடையாளமாகாது. அதே ஆய்வில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு குழந்தைகள் தவழாமலேயே நடந்துவிட்டன. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலிலிருந்து தவழ்தலையே நீக்கிவிட்டது. என்னைப் போன்ற பலருக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. தவழும்போது தோளும் உள்ளங்கையும் உடல் எடையைத் தாங்கப் பழகுகின்றன என்பதால், அந்தக் கட்டத்தைக் கவனிப்பதில் பயன் உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் அது வராவிட்டால் அஞ்ச வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அஞ்ச வேண்டியவை வேறு. ஒன்பது மாதம் கடந்தும் பிடிமானமின்றி உட்கார முடியாதிருப்பது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை ஒதுக்குவது, உடல் விறைப்பாகவோ மிகத் தொய்வாகவோ இருப்பது, முன்பு செய்த ஒன்றைச் செய்ய முடியாமல் இழந்துவிடுவது ஆகிய இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி அம்மாவின் எண்ணெய்க் குளியலைப் பற்றி. அதைத் தாதியின் அறிவுரைக்கு எதிரானதாக நினைக்க வேண்டியதில்லை. உங்கள் அம்மா கால்களை நீட்டி அமர்ந்து, பேத்தியைக் குப்புறப் புரட்டி முதுகில் நீர் வார்க்கும்போது அவள் என்ன செய்கிறாள் என்று கவனித்துப் பாருங்கள். தலையை நிமிர்த்திக் கழுத்தையும் முதுகையும் விறைத்துத் தாங்குகிறாள். தாதி தரையில் செய்யச் சொல்வதும் இதையேதான், குளிக்கும்போது அது சில நிமிடங்களே கிடைக்கிறது என்பது மட்டுமே குறை. கை கால்களைக் குறுக்காக மடக்கி நீட்டுவது, உடலின் நடுக்கோட்டைக் கடந்து இரு பக்கங்களும் இணைந்து இயங்குவதைக் குழந்தைக்கு உணர்த்துகிறது. டெல்லியில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நான்கு வாரம் எண்ணெய் தேய்க்கப்பட்ட குழந்தைகளின் வளர்ச்சியும், தேய்த்த பிறகான உறக்கமும் மேம்பட்டிருந்தன. அதில் நன்றாகப் பயன்தந்தது நல்லெண்ணெய்தான். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும், கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதையும் அன்பாகச் சொல்லி நிறுத்தச் செய்யுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஏணையில் உடல் வளைந்து கிடப்பதால் கையை ஊன்றித் தள்ளவோ புரளவோ வழியில்லை. எனவே விழித்தவுடன் வெளியே எடுத்துவிடுங்கள். உறக்கத்துக்கும்கூட, கனடாவின் சுகாதாரத் துறை உறுதியான சமதளப் படுக்கையில் மல்லாக்கக் கிடத்தும்படிதான் சொல்கிறது. திடீர் மரணத்தைத் தவிர்ப்பதற்கான அறிவுரை என்பதால் அதை மீற வேண்டாம்.

வோக்கர் கடைகளில் கிடைக்காததற்குக் காரணம், கனடாவில் 2004ஆம் ஆண்டு முதல் அதை விற்பதும் இறக்குமதி செய்வதும் தடை செய்யப்பட்டிருப்பதுதான். பழையதை விற்பதும் குற்றம். குழந்தைகள் அதோடு படிக்கட்டுகளில் உருண்டு தலையில் அடிபட்டது முதன்மையான காரணம். அதோடு, வோக்கரில் பழகிய குழந்தைகள் உட்காருவதும் தவழ்வதும் நடப்பதும் தாமதமானதாக 1999இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதில் தொங்கும் குழந்தைக்குத் தன் கால்கள் கண்ணில் படுவதில்லை, விழாமல் சமாளிக்க வேண்டிய தேவையும் இல்லை. அம்மா நம் ஊர் மர நடைவண்டியை மனத்தில் வைத்துக் கேட்கிறார் என்றால் அது முற்றிலும் வேறு பொருள். அதைப் பிடித்துக்கொண்டு குழந்தை தானே நிற்க வேண்டும், தானே தள்ள வேண்டும். அவள் பிடித்து நிற்கத் தொடங்கிய பிறகு அதைக் கொடுக்கலாம்.

தும்பைப்பூ (பெங்களூரு)

வளர்ச்சி உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பிறப்பா வளர்ப்பா என்ற கேள்விக்கு நான் எழுதுகிறேன். இது ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக நடக்கும் வாதம்.

1930களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் கெசல் குழந்தைகளைப் படம் பிடித்து, எந்த மாதத்தில் எது வரும் என்று அட்டவணை வகுத்தார். நரம்பு மண்டலம் தன் உள்ளிருக்கும் ஒழுங்கின்படி முதிர்கிறது, அதற்கேற்ப அசைவுகள் தாமாக வெளிப்படுகின்றன என்பது அவர் கொள்கை. அவருடைய அட்டவணையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊரின் குழந்தைகள். ஆனால் உலகமெங்கும் மருத்துவர்கள் அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். 1957இல் மார்செல் கெபெர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் உகாண்டாவின் கம்பாலாவில் குழந்தைகளைச் சோதித்து, அவர்கள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட முன்னதாகவே தலை நிற்கவும் உட்காரவும் தொடங்குவதாக எழுதியபோது, பலர் அதை இனத்தின் இயல்பு என்று விளக்கிவிட்டார்கள். உங்கள் உறவினர் சொன்னதும் அந்தப் பழைய விளக்கம்தான். அது தவறு என்பதைக் காட்டியவர் சார்லஸ் சூப்பர் என்ற ஆய்வாளர்.

அவர் கென்யாவின் மேற்குப் பகுதியில் கோக்வெட் என்ற ஊரில் கிப்சிகிஸ் மக்களிடையே தங்கி ஆராய்ந்து, 1976இல் முடிவுகளை வெளியிட்டார். அந்தக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட முன்னதாக உட்கார்ந்தார்கள், முன்னதாக நடந்தார்கள். ஆனால் தலையைத் தூக்குவதிலும், புரள்வதிலும், தவழ்வதிலும் முந்தவில்லை. இந்த ஒரு செய்தியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பிறவியிலேயே முந்தும் உடல் என்றால் எல்லாவற்றிலும் முந்தியிருக்க வேண்டும். உட்காரக் கற்பிப்பதையும் நடக்கக் கற்பிப்பதையும் குறிக்க அந்தத் தாய்மாரின் மொழியில் தனித்தனிச் சொற்கள் இருந்தன. ஐந்து ஆறு மாதக் குழந்தையை உட்காரவைக்கத் தரையில் சிறு குழி தோண்டி, துணியைச் சுற்றிலும் அணைத்துக் கொடுத்தார்கள். கையைப் பிடித்து நாள்தோறும் நடத்திப் பார்த்தார்கள். தவழ்தலை யாரும் கற்பிக்கவில்லை, ஆகவே அது முன்னதாக வரவுமில்லை. கற்பிக்கப்பட்ட திறன் மட்டும் முந்துகிறது.

1980களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஹாப்கின்ஸ், வெஸ்ட்ரா என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதையே வேறு விதமாகக் கண்டார்கள். ஜமைக்காவிலிருந்து குடியேறிய தாய்மார் நம் பாட்டிமாரைப் போலவே குழந்தையை நீவி, நீட்டி, உட்காரப் பழக்கினார்கள். பிள்ளை எப்போது உட்காரும் என்று கேட்டால் அதே நகரத்து ஆங்கிலத் தாய்மாரைவிட முந்திய மாதத்தைச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளும் அப்படியே உட்கார்ந்தார்கள். 2015இல் லானா காராசிக்கும் உடன் ஆய்வாளர்களும் ஆறு நாடுகளில் ஐந்து மாதக் குழந்தைகளை வீட்டிலேயே பார்த்தபோது, கேமரூனிலும் கென்யாவிலும் பெரும்பாலான குழந்தைகள் தனியாக உட்கார்ந்தன, சில இருபது நிமிடத்துக்கு மேலும். அமெரிக்கா, இத்தாலி, தென்கொரியா போன்ற நாடுகளில் அப்படி உட்கார்ந்தவை சிலவே. அங்கெல்லாம் குழந்தைகள் மெத்தையிலும் சாய்வு இருக்கையிலும் தாங்கப்பட்டிருந்தன, கேமரூனிலும் கென்யாவிலும் தரையிலும் உயரமான மணைகளிலும் இருத்தப்பட்டிருந்தன.

எதிர்த்திசைச் சான்றும் உண்டு. பராகுவேயின் அடர்காட்டில் அலைந்து வாழ்ந்த ஆச்சே மக்கள், பாம்பும் முள்ளும் நிறைந்த தரையில் குழந்தையை விட அஞ்சி எப்போதும் உடலோடு வைத்திருந்தார்கள். அவர்களுடைய குழந்தைகள் இரண்டு வயதை நெருங்கும்போதுதான் நடந்தன. ஆனால் எட்டு, பத்து வயதில் அதே குழந்தைகள் உயர்ந்த மரங்களில் ஏறின. தஜிகிஸ்தானில் கஹ்வோரா என்ற தொட்டிலில் குழந்தையின் கை கால்களைத் துணியால் கட்டி நெடுநேரம் கிடத்துகிறார்கள். காராசிக் குழுவினர் அங்கே பார்த்தபோது, உட்காருவதும் நடப்பதும் பிந்தியே வந்தன, நான்கு ஐந்து வயதில் அந்தப் பின்னடைவு தெரியவில்லை. 1940இல் வெய்ன் டென்னிஸ் அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடியினரிடம் கட்டுத்தொட்டிலில் வளர்ந்தவர்களையும் வளராதவர்களையும் ஒப்பிட்டபோது, இரு சாராரும் ஏறத்தாழ 15 மாதத்தில் நடந்தார்கள். ஆகவே, இந்த வயதில் சில வாரங்களோ மாதங்களோ முந்துவதும் பிந்துவதும் பின்னாளைய அறிவைத் தீர்மானிப்பதில்லை. இதை மனத்தில் நன்றாக இருத்திக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மூளைக்கு ஒன்றுமே ஆகவில்லையா? ஆகிறது. முதல் ஓராண்டில் மூளையின் பருமன் ஏறக்குறைய இரு மடங்காகிறது, அசைவையும் சமநிலையையும் ஒழுங்குபடுத்தும் சிறுமூளை அதைவிட வேகமாக வளர்கிறது. நரம்பணுக்களுக்கிடையே இணைப்புகள் ஏராளமாக முளைத்து, பயன்படுபவை நிலைத்து, பயன்படாதவை களையப்படுகின்றன. மார்தா ஆன் பெல், நேத்தன் ஃபாக்ஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வயதுடைய எட்டு மாதக் குழந்தைகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். தவழத் தொடங்கிச் சில வாரமே ஆன குழந்தைகளில், மூளையின் வெவ்வேறு பகுதிகள் ஒத்திசைந்து இயங்குவது மிகுதியாக இருந்தது. இன்னும் தவழாதவர்களிலும், நெடுநாள் தவழ்ந்து பழகியவர்களிலும் அது குறைவாக இருந்தது. புதிய திறனைக் கற்கும்போது இணைப்புகள் பெருகி, கைவந்த பின் தேவையானவை மட்டும் எஞ்சுகின்றன என்று அவர்கள் விளக்கினார்கள். வயது ஒன்றே என்பதால், மாற்றத்துக்குக் காரணம் பழக்கமே. ஜோசப் காம்போஸ் காட்டியதும் இதைப் போன்றதுதான்: உயரத்தைக் கண்டு அஞ்சும் உணர்வு, வயதைவிட, நகர்ந்து பழகிய அனுபவத்தோடு சேர்ந்தே வருகிறது.

உடலின் வடிவமும் இதில் கலந்திருக்கிறது. பிறந்த குழந்தையைத் தூக்கிப் பாதத்தைத் தரையில் படவிட்டால் அடியெடுத்து வைக்கும், இரண்டு மூன்று மாதத்தில் அது மறைந்துவிடும். மூளை முதிர்ந்து அதை அடக்கிவிடுகிறது என்றே பாடநூல்கள் எழுதின. எஸ்தர் தெலன் 1984இல், அடியெடுப்பு மறையத் தொடங்கிய குழந்தைகளின் கால்களை நீரில் மூழ்கியிருக்கும்படி பிடித்தார். அடியெடுப்பு திரும்ப வந்தது. கால்களில் கொழுப்பு சேர்ந்து எடை கூடியதுதான் அதை மறைத்திருந்தது.

உண்மையான சேதம் எங்கே நிகழ்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். டென்னிஸ் 1960இல் தெஹ்ரானின் அனாதை இல்லங்களைப் பற்றி எழுதினார். அவற்றில் ஆள் பற்றாக்குறை மிகுந்த ஓர் இல்லத்தில், நாள் முழுதும் தொட்டிலில் மல்லாக்கக் கிடந்த ஒரு வயது கடந்த குழந்தைகளில் பாதிப் பேருக்குக்கூட உட்காரத் தெரியவில்லை. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு, 136 இல்லக் குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. இல்லத்திலேயே தங்கியவர்களின் மூளை மின்னலைகள் வலுக் குன்றியிருந்தன, இரண்டு வயதுக்கு முன்பே ஒரு குடும்பத்தில் சேர்க்கப்பட்டவர்கள் நன்றாகத் தேறினார்கள். அங்கே இல்லாமல் போனது தங்களையே பார்த்துச் சிரிக்கும், தூக்கும், பேசும் ஒரு மனிதர். உங்கள் வீட்டில் அது மூன்று மடங்கு இருக்கிறது.

வைகறை (திருச்சி)

நான் மருத்துவமோ உளவியலோ படித்தவள் அல்லள். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்த ஆசிரியை, நான்கு பேரப்பிள்ளைகளின் பாட்டி. தும்பைப்பூ ஐயா எழுதிய கிப்சிகிஸ் சொற்களைப் படித்ததும், நம் மொழியிலும் இதற்கென்று ஒரு கணக்கு இருப்பதைச் சொல்லத் தோன்றியது.

பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையே குழந்தையின் உடல் வளர்ச்சியைப் படிப்படியாகப் பின்பற்றி அமைந்தது. மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை என்று இரண்டிரண்டு மாத இடைவெளியில் பருவங்களை வகுப்பது ஒரு மரபு. செங்கீரை என்பது, குழந்தை ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடும் நிலை. தவழ்வதற்கு முந்தைய அந்தத் தோற்றத்தை இவ்வளவு நுட்பமாகக் கவனித்துப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். சப்பாணி, அமர்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. உட்காரும் உறுதி வந்து கைகள் விடுதலையான பிறகே அது முடியும். வருகை, தளர்நடை இட்டு வரும்படி அழைப்பது. மருதநிலம் எழுதிய அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எல்லாப் பருவமும் அந்த எல்லைகளுக்குள்தான் நிற்கின்றன.

இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. தனியாகத் தவழ்வதற்கென்று அதில் ஒரு பருவம் இல்லை. கைகொட்டுதல், முத்தம் தருதல், நிலவை அழைத்தல் என்று, பிறரை நோக்கிச் செய்பவையே மிகுதி. நம் வீடுகளில் பிள்ளையை மடியில் இருத்தி முன்னும் பின்னும் சாய்ந்தாடச் சொல்கிறோம், கையை வீசச் சொல்கிறோம். அந்த ஆட்டங்கள் எல்லாம் உட்கார்ந்த நிலையில் உடம்பைச் சமன் செய்யப் பழக்குபவை. உங்கள் மகள் நன்றாக உட்கார்ந்து, தவழாமல் இருப்பது எனக்கு வியப்பாக இல்லை. நாம் கற்பித்ததை அவள் கற்றிருக்கிறாள்.

ஆனால் ஒரு வேறுபாட்டை உங்கள் அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். என் பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் வீடு முழுதும் குளிர்ந்த சிமென்ட் தரை, பாய் விரித்தால் போதும். எண்ணெய்க் குளியலும் இருந்தது, நாள் முழுதும் தரையும் இருந்தது. இன்று என் பேரனின் அடுக்ககத்தில் அவன் சாய்வு நாற்காலியிலும் வண்டியிலும்தான் பாதி நாளைக் கழிக்கிறான். பழைய முறையில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, முழுப் பயனையும் எதிர்பார்க்கிறோம்.

பனிப்பாதை (ஒஸ்லோ)

வைகறை அம்மா தரையைப் பற்றிச் சொன்னது குளிர்நாட்டில் வாழும் எங்களுக்கு இன்னும் பொருந்தும். அமெரிக்காவின் டென்வர் நகரில் 1993இல் வெளியான ஓர் ஆய்வில், குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பிறந்த குழந்தைகள், கோடையிலும் இலையுதிர் காலத்திலும் பிறந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று வாரம் முன்னதாகத் தவழ்ந்தன. பின்னர் இஸ்ரேலில் ஹைஃபா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஏறக்குறைய நான்கு வார வேறுபாட்டைக் கண்டார்கள். கோடையில் பிறந்த குழந்தை தவழும் வயதை எட்டும்போது பனிக்காலம் வந்துவிடுகிறது. கம்பளி அடுக்குகள், நீண்ட இருட்டு, போர்வைக்குள் கழியும் நேரம் ஆகியவற்றையே காரணமாகச் சொல்கிறார்கள். உங்கள் மகள் ஜூனில் பிறந்தவள் என்று கணக்கிடுகிறேன். என் மகனும் ஜூலையில் பிறந்தவன், பத்தரை மாதத்தில்தான் தவழ்ந்தான்.

உடையின் விளைவு சிறியதன்று. நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் குழுவினர் நடக்கத் தொடங்கிய குழந்தைகளை அணையாடை இல்லாமலும், துணி அணையாடையோடும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் அணையாடையோடும் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். எதுவும் அணியாதபோதுதான் நடை மிகவும் சீராக இருந்தது. வீட்டைச் சூடாக்கி, காலுறையைக் கழற்றி, முழங்கால் தெரியும்படி விடுங்கள். வழுக்கும் மரத்தரையில் முழங்காலும் விரல்களும் பற்றிக்கொள்ளத் தோல் வெளியே இருக்க வேண்டும்.

நிலாமுற்றம் (ரொறன்ரோ)

எழுதிய நால்வருக்கும் என் மனமார்ந்த நன்றி. கேள்வி கேட்டு மூன்று வாரமாகிறது. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மருதநிலம் அவர்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். குளிக்கவார்க்கும்போது பேத்தி தலையை நிமிர்த்துவதைத் தாம் எப்போதும் பார்த்திருப்பதாகவும், தாதி கேட்பதும் அதுதான் என்றால் தரையிலும் செய்துவிடலாம் என்றும் சொல்லிவிட்டார். அடுத்த முறை தாதி வந்தபோது அம்மாவே எண்ணெய் தேய்ப்பதைச் செய்து காட்டினார், தாதி அதைத் தம் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். ஏணையைக் கழற்றுவதில்தான் வருத்தம் இருந்தது. இப்போது அதே சேலையைத் தரையில் விரித்து, பேத்தியைக் குப்புறக் கிடத்தி, அம்மாவும் எதிரே குப்புறப் படுத்துக்கொண்டு கதை சொல்கிறார். மூக்கில் எண்ணெய் விடுவது நின்றுவிட்டது. வோக்கர் பேச்சும் நின்றுவிட்டது.

கானா நாட்டு அயலவரிடமும் கேட்டேன். மூன்று மாதத்திலிருந்தே மகனை மடியில் நிறுத்தித் துள்ளவைப்பதாகவும், தலையணைகளை அணைத்து உட்காரவைத்ததாகவும் சொன்னார். அவருடைய தாயார் தொலைபேசியில் நாள்தோறும், "இன்று எத்தனை முறை நிறுத்தினாய்?" என்று கேட்பாராம். எங்கள் வீட்டில், "இன்று என்ன சொன்னாள்?" என்றுதான் கேட்போம். என் மகள் இப்போதே "தாத்தா", "அம்மா" என்று அழகாகச் சொல்கிறாள். இதை முன்பு நான் இணைத்துப் பார்த்ததே இல்லை.

ஆனால் அவள் இன்னும் கை முழங்கால் ஊன்றவில்லை. குப்புறக் கிடத்தினால் சில நிமிடம் விளையாடிவிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். நான்கு நாளாக, உட்கார்ந்தபடியே ஒரு கையைப் பின்னால் ஊன்றி, இருக்கையை இழுத்து இழுத்து அறை முழுதும் போகிறாள். ஒன்பதாம் மாதப் பரிசோதனையில் மருத்துவர் இடுப்பையும் தசைகளின் விறைப்பையும் பார்த்து, குறையொன்றும் இல்லை என்றார். இப்படி நகர்வதைத் தடுத்துத் தவழப் பழக்க வேண்டுமா?

மருதநிலம் (மதுரை)

தடுக்க வேண்டாம், சகோதரி. அமர்ந்தபடி நகரும் குழந்தைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். பல வீடுகளில், விசாரித்தால், தந்தையோ தாயோ அப்படியே நகர்ந்தவராக இருப்பார். பப்புவா நியூகினியில் அவு மக்கள் தங்கள் குழந்தைகளைப் பெரும்பாலும் தூக்கியே வைத்திருக்கிறார்கள், தரையில் குப்புற விடுவதில்லை. அங்கே ஆய்வு செய்த டேவிட் டிரேசர், அந்தக் குழந்தைகள் தவழாமல் இப்படி அமர்ந்து நகர்ந்தே நடைக்குப் போவதைப் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டு செய்திகளை மட்டும் நினைவில் வையுங்கள். இவ்வாறு நகரும் குழந்தைகள் சற்றுப் பிந்தியே நடப்பார்கள், சிலர் 18 மாதத்தையும் கடப்பார்கள். ஆகவே முதல் பிறந்தநாளில் யாரேனும் "இன்னும் நடக்கவில்லையா?" என்று கேட்டால் கலங்க வேண்டாம். 18 மாதத்திலும் நடக்காவிட்டால் மீண்டும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்து, பின்னால் ஊன்றும் கை எப்போதும் ஒரே கையா, இரு கைகளும் மாறி மாறி வருகின்றனவா என்று ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள். எப்போதும் ஒரே கைதான் என்றால், விருப்பமான பொருளை அந்தப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். எட்டி எடுக்க அந்தக் கை தேவைப்படும்போது, ஊன்றுவதற்கு மறு கையைப் பயன்படுத்தத் தொடங்குவாள்.